மொத்தம் 100, "சராசரி" என்கிறார்கள். பிறகு ஏன் புத்தகத்தைப் பார்த்தாலே அழுகிறான்?

ஜூன் 12, கேள்வி

பையனுக்கு 8 வயது 4 மாதம், மூன்றாம் வகுப்பு. டீச்சர் சொன்னதால் அறிவுத்திறன் சோதனையும் கற்றல் சோதனையும் எடுத்தோம். நேற்று ரிப்போர்ட் வந்தது, 14 பக்கம். முதல் பக்கத்தில் "மொத்த ஐ.க்யூ 100, சராசரி" என்று இருக்கிறது. நூற்றுக்கு நூறா என்று அவன் பாட்டிக்குச் சந்தோஷம். அடுத்த பக்கத்தில் ஓரிடத்தில் "77, பெர்சன்டைல் 6" என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நூற்றுக்கு ஆறு மார்க்கா? சராசரி என்று போட்டுவிட்டார்களே, அப்படியானால் இது சோம்பல்தான் என்கிறார் அவன் அப்பா. அப்படித்தானா?

ஜூன் 12, இரவு

அந்த 6ஐ முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் தூங்க மாட்டீர்கள். பெர்சன்டைல் வேறு, பெர்சன்ட் வேறு. 6 அவன் வாங்கிய மார்க் இல்லை. அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை அந்த ஒரு திறனில் வரிசையாக நிறுத்தினால், சுமார் ஆறு பேர் அவனுக்குப் பின்னால் நிற்பார்கள். அவ்வளவுதான்.

100ம் முழு மதிப்பெண் இல்லை, அது நட்டநடு. சராசரியை 100 என்று வைத்து, 15 புள்ளிகளை ஒரு படியாக எடுத்துக்கொள்கிறார்கள். 85க்கும் 115க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். 70க்குக் கீழே நூற்றில் இரண்டு பேர், 130க்கு மேலே இரண்டு பேர்.

அவன் அப்பா சொன்னதற்கு வருகிறேன். "சராசரி" என்று எழுதியிருப்பது மொத்த எண்ணைப் பற்றி. என் மகள் ரிப்போர்ட்டிலும் முதல் பக்கத்தில் அதே சொல்தான் இருந்தது. அதை நம்பி ஆறு மாதத்தை வீணாக்கினேன். அவள் எழுத்துக்கூட்டித் திணறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு மூளை இருக்கு, மனசுதான் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இப்போது 13 வயது. அந்த வார்த்தையை அவள் இன்னும் மறக்கவில்லை.

மொத்தத்தைக் கடைசியாகப் படியுங்கள். அதற்குக் கீழே ஐந்து பிரிவுகள் இருக்கும். அந்த ஐந்து எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, பள்ளி எதையும் போட வேண்டாம்.

ஜூன் 13, காலை

நீங்கள் அனுப்பியது: மொழிப் புரிதல் 116, கண்ணால் பார்த்து இடமறிதல் 105, தர்க்கம் 103, ஒர்க்கிங் மெமரி 82, ப்ராசஸிங் ஸ்பீடு 77.

மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் 39 புள்ளி இடைவெளி. இந்த ஐந்தையும் கூட்டிக் குழைத்தால் 100 வருகிறது. ஆனால் 100 என்ற பிள்ளை உங்கள் வீட்டில் இல்லை. 116 அளவுக்குப் புரிந்துகொண்டு பேசுகிற ஒரு பிள்ளை இருக்கிறான். அவனே தாளில் வேலை செய்யும்போது 77 வேகத்தில் செய்கிறான். வாய் திறந்தால் பெரிய மனுஷன் மாதிரிப் பேசுவான், நோட்டைத் திறந்தால் ஒன்றும் நகராது, சரியா? டீச்சருக்கும் அப்பாவுக்கும் சோம்பல் என்று தோன்றுவது இதனால்தான். பேச்சைக் கேட்டவர்கள் எழுத்திலும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

ஒர்க்கிங் மெமரி என்பது பழைய விஷயங்களை நினைவில் வைப்பது இல்லை. போன கோடை விடுமுறையில் நடந்ததை வரி பிசகாமல் சொல்கிற பிள்ளைக்கும் இது குறைவாக இருக்கலாம். ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனதில் தாங்கிக்கொண்டே அதை வைத்து வேலை செய்வதுதான் இது. "நீல நோட்டை எடு, 42ஆம் பக்கத்தைத் திற, மேலே தேதி போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், நோட்டை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்பான். சோதனையில் எண்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் தலைகீழாகச் சொல்லவும் கேட்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும் இது வேண்டும். நான்காவது எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து கையில் இருக்க வேண்டுமே.

ஜூன் 13, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். "ஐந்தையும் கூட்டிக் குழைத்தால்" என்று எழுதிவிட்டேன், அது துல்லியமில்லை. உங்கள் ரிப்போர்ட் 2014இல் வந்த விஸ்க்-5 (பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் ஐந்தாம் பதிப்பு) சோதனையைச் சேர்ந்தது என்கிறீர்கள். அதில் ஐந்து பிரிவுகளுக்கு மொத்தம் பத்து உட்சோதனைகள். மொத்த ஐ.க்யூவுக்குள் போவது ஏழு மட்டும்: மொழியில் இரண்டு, தர்க்கத்தில் இரண்டு, மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று. அதாவது உங்கள் பையனுக்குக் குறைவாக உள்ள இரண்டு பிரிவுகளுக்கும் மொத்தத்தில் எடை குறைவு. அவன் சிரமம் முதல் பக்கத்தில் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்டில் எங்காவது "பொதுத்திறன் குறியீடு" அல்லது ஜி.ஏ.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். நினைவும் வேகமும் சேராமல் மொழி, இடமறிதல், தர்க்கம் மூன்றை மட்டும் வைத்துப் போடுகிற எண் அது. பிரிவுகளுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது பல உளவியலாளர்கள் அதையும் கணக்கிடுவார்கள். இல்லாவிட்டால் கேளுங்கள், புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ள எண்களிலிருந்தே வரும்.

ஜூன் 15

100க்குப் பக்கத்தில் 94–106 என்றும், 77க்குப் பக்கத்தில் 71–87 என்றும் போட்டிருப்பது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அடைப்புக்குறிதான் ரிப்போர்ட்டில் நேர்மையான பகுதி. அன்று தூக்கம் எப்படி, சளி இருந்ததா, ஊகம் பலித்ததா என்று பல சேர்ந்து ஓர் எண் வருகிறது. உண்மையான திறன் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருக்கும் என்பது அதன் பொருள். அக்கம்பக்கத்துப் பிள்ளை 104, நம் பிள்ளை 100 என்று ஒப்பிட்டால் அதில் ஒன்றுமே இல்லை.

77 அந்த எல்லையின் நடுவில் இல்லாமல் கீழே ஒதுங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? கீழே 6, மேலே 10. அச்சுப் பிழை இல்லை. மிகக் குறைவான எண்ணில் அன்றைய துரதிருஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், மிக உயர்ந்த எண்ணில் அதிருஷ்டமும் அப்படியே. அதனால் எல்லையை 100 பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போடுகிறார்கள்.

ஜூன் 16

"ரிப்போர்ட்டிலேயே தப்பு இருக்குமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இருக்கும். எங்களுக்கு நடந்தது.

மகளின் ரிப்போர்ட்டை ஏழெட்டு முறை படித்திருப்பேன். ஒரு நாள் முதல் பக்கத்தின் மேல் மூலையில் வயது "9 வருடம் 7 மாதம்" என்று இருந்தது கண்ணில் பட்டது. சோதனை நாளன்று அவளுக்கு 8 வருடம் 7 மாதம். கழித்தலில் ஒரு வருடம் பிசகிவிட்டது. எட்டரை வயதுப் பிள்ளையை ஒன்பதரை வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு அட்டவணை வைத்து மதிப்பிடுகிற சோதனை இது, ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா? போன் செய்தேன். கோபமாகத்தான் தொடங்கினேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் சரிபார்த்துப் புது ரிப்போர்ட் கொடுத்தார்கள். வேகத்தில் 80 இருந்தது 86 ஆனது. அவள் செய்தது அதேதான், ஒரு கோடு கூட மாறவில்லை. ஒப்பிட்ட கூட்டம் மாறியது.

அதனால் முதலில் வயதைக் கழித்துப் பாருங்கள். அப்புறம், சோதனை எந்த மொழியில் நடந்தது என்று பாருங்கள். வீட்டில் பேசாத மொழியில் சொற்பொருள் கேட்டால், வருகிற எண் அந்த மொழியோடு பழக்கம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே அளக்கிறது. கண், காது பரிசோதனை முன்பே முடிந்ததா என்பதையும் பாருங்கள்.

ஜூன் 19

வேகத்தில் 77க்கு வருகிறேன். வேகம் குறைவு என்றால் மூளை மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். அந்தப் பிரிவில் இரண்டு உட்சோதனைகள். ஒன்றில் எண்ணுக்கு எதிரே ஒரு குறி இருக்கும், அதைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் எத்தனை குறிகளைப் பென்சிலால் எழுத முடிகிறது என்று பார்ப்பார்கள். இன்னொன்றில் எழுதும் வேலை மிகக் குறைவு, குறிகளைக் கண்ணால் தேடி அடையாளம் போட்டால் போதும்.

என் மகள் விஷயத்தில் எண்ணை விட அதற்குப் பக்கத்தில் உளவியலாளர் எழுதியிருந்த மூன்று வரிதான் கண்ணைத் திறந்தது. அவள் ஒவ்வொரு குறியையும் அழுத்தி எழுதினாளாம். ஒரு கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்தி ரப்பர் கேட்டாளாம். அந்தச் சோதனைக்கு ரப்பர் வைக்காத பென்சில்தான் தருவார்கள். இல்லை என்றதும் அதே குறிமேல் திரும்பத் திரும்ப எழுதித் தடிப்பாக்கினாளாம். நோட்டில் தாள் கிழிகிற அளவுக்கு அழித்து எழுதுவாளே, அதே பிள்ளைதான். அவளுக்குத் தேவைப்பட்டது வேகப் பயிற்சி இல்லை. "கோடு தாண்டினால் பரவாயில்லை" என்று ஒரு பெரியவர் சொல்வதுதான்.

நடத்தைக் குறிப்பு, கூர்நோக்கு என்று ஏதாவது தலைப்பில் அந்தப் பகுதி இருக்கும். எண் இல்லாததால் எல்லோரும் தாண்டிப் போகிற பகுதி. உங்கள் பையனுக்கும் கைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20

அவசரப்பட்டுவிட்டேன். உட்சோதனை எண்களை இப்போதுதான் அனுப்பியிருக்கிறீர்கள். இவற்றில் நடு 10, ஒரு படி 3. குறி எழுதுவதில் 5, குறி தேடுவதில் 7. கைதான் காரணம் என்றால் முதலாவது மட்டும் விழுந்து இரண்டாவது 9, 10 என்று நிற்கும். இங்கே இரண்டுமே குறைவு. என் மகள் கதையை உங்கள் பையன் மேல் ஒட்டியது என் தவறு. பென்சிலும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டும் இல்லை. கவனம் சிதறியதா, பயமா, குறிகளை அடையாளம் காண்பதிலேயே தாமதமா என்று உளவியலாளரிடம் நேராகக் கேளுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.

ஜூன் 27

11ஆம் பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதைப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். அதுதானே முக்கியம்! நீங்கள் சோதனைக்குப் போனதே படிப்புக்காக. முதல் பாதி, பிள்ளை எப்படி யோசிக்கிறான் என்று சொல்கிறது. இந்தப் பாதி, படிப்பு எங்கே அடைபடுகிறது என்று சொல்கிறது.

சொல் வாசிப்பு 79. பொருளில்லாச் சொல் வாசிப்பு 74. கேட்டுப் புரிதல் 112.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கதையைப் படித்துக் காட்டினால் வயதுக்கு மேலேயே புரிந்துகொள்கிறான். அவனே படிக்க வேண்டும் என்றால் எழுத்தை ஒலியாக மாற்றுகிற இடத்தில் சிக்குகிறான். பொருளில்லாச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். "நிமெடு", "பசோவி" மாதிரிச் சொற்கள். தெரிந்த சொல்லைப் பிள்ளைகள் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டு சொல்லிவிடுவார்கள், மனப்பாடம் பண்ணிய பாடத்தைப் படிப்பது போல நடிக்கவும் முடியும். இதுவரை பார்க்காத சொல்லில் அந்த வழி அடைபட்டுவிடும், எழுத்துக்கூட்டியே ஆக வேண்டும்.

தமிழில் இதைக் கண்ணால் பார்க்கலாம். என் மகள் "அவனோடு" என்பதை "அவேனாடு" என்று படித்தாள். எனக்கு அப்போது எரிச்சல். பிறகு ஸ்பெஷல் எஜுகேட்டர் தாளில் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எழுதிக் காட்டினார்: அ, வ, கொம்பு, ன, கால், டு. கொம்பு வகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவில் நிற்கிறது. காதுக்குப் பின்னால் வருகிற ஒலி கண்ணுக்கு முன்னால் வருகிறது. அவள் கண்டதை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்திருக்கிறாள், கொம்பை முன்னால் இருந்த எழுத்தோடு சேர்த்துவிட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு என் எரிச்சல் போயிற்று. பெரும்பாலும் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகிற மொழிகளில் இந்தச் சிரமம் தப்பாகப் படிப்பதை விட மெதுவாகப் படிப்பதில் அதிகம் தெரியும். உங்கள் பையன் சரியாகத்தான் படிக்கிறான், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது என்றால், "தப்பில்லாமல் படிக்கிறானே" என்று விட்டுவிடாதீர்கள்.

இது டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்பில் வருகிற கற்றல் குறைபாடா என்று நான் சொல்ல முடியாது. ஐ.க்யூவுக்கும் வாசிப்புக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால்தான் அந்தப் பெயரைத் தருவார்கள்.

ஜூன் 28

நேற்றைய கடைசி வரியை விட்டுவிடுங்கள், அது பழைய விதி. எங்கள் காலத்தில் அப்படித்தான் விளக்கினார்கள், அதையே எழுதிவிட்டேன். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 வகைப்பாட்டில் (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு) அந்த இடைவெளி நிபந்தனை இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் வயதுக்கு மிகக் கீழே இருப்பது, சரியான உதவி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடிப்பது, பார்வை, செவி, அறிவுத்திறன் குறைபாடு போன்ற வேறு காரணம் அதை விளக்காமல் இருப்பது, இவைதான் பார்க்கப்படும். விதி மாறியது நல்லதுதான். இடைவெளி போதவில்லை என்று எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

உங்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று: பெயர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, நேரடியாகக் கற்றுத் தருகிற பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

ஜூலை 3

"ஒர்க்கிங் மெமரியை ஏற்ற ஆப் இருக்கிறதாமே?" இதற்கு அனுபவத்தில் பதில் சொல்கிறேன். மூன்று மாதம் தினமும் மகளை எண்களைத் தலைகீழாகச் சொல்ல வைத்தேன். எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் கெட்டிக்காரி ஆனாள். வாசிப்பு இருந்த இடத்தில் இருந்தது. ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்: பழகிய வேலையில் முன்னேற்றம் வருகிறது, படிப்புக்கு அது பரவுவதில்லை. அந்த நேரத்தில் அவளுக்குக் கதை படித்துக் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சுமையைக் குறைப்பதுதான் வேலை செய்தது. ஒரு தடவைக்கு ஒரு கட்டளை. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சுத்தாள். கணக்கின் படிகளை மேசையில் ஒட்டிய சீட்டு.

தயவுசெய்து சோதனைக் கேள்விகளைத் தேடிப் பிடித்துப் பழக்காதீர்கள். அடுத்த முறை எண் ஏறும், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி நின்றுபோகும்.

ஜூலை 5

ஐ.க்யூவுக்கு "நுண்ணறிவு ஈவு" என்று ரிப்போர்ட்டின் தமிழ்ப் பகுதியில் வருகிறதே, எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்டவருக்கு. இப்போது எதையும் எதாலும் வகுப்பதில்லை. 1912இல் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மனவயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்கிறான் என்பதை) உண்மை வயதால் வகுக்கச் சொன்னார், டெர்மன் 1916இல் அதை 100ஆல் பெருக்கினார். வெக்ஸ்லர் 1939 முதல் வயதொத்தவர்களோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். வகுத்தல் போய்விட்டது, ஈவு என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால், 1905இல் பாரிஸில் பினேவும் சிமோனும் முதல் சோதனையை உருவாக்கியது எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். ஒரு பிள்ளையின் அறிவு கூட்டவே முடியாத நிலையான அளவு என்ற எண்ணத்தை பினே கடுமையாக எதிர்த்தார். அவன் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜூலை 21

பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். இதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

என் மகள் அன்று காரில் கேட்டது ஒரே கேள்வி: "நான் பாஸா?" இதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அவளோடு தரையில் உட்கார்ந்து ஐந்து கோடு போட்டேன், எண் எழுதவில்லை. நீளமான கோட்டைக் காட்டி, "கதை கேட்டுப் புரிஞ்சுக்கிறதுல நீ இங்கே இருக்கே" என்றேன். குட்டையான கோட்டைக் காட்டினதும் அவளே சொன்னாள்: "இது படிக்கிறதுதானே? எனக்குத் தெரியும்பா." எங்களுக்கு 14 பக்கம் தேவைப்பட்டது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஆனால் தான் ஒரு முட்டாள் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். எண்ணைச் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 30

ஒரு வருடம் கழித்து வாசிப்பை மறுபடி அளப்பார்கள், அதற்கு இப்போதே தயாராகுங்கள். மகளின் சொல் வாசிப்பு 81இலிருந்து 80 ஆனது. உழைத்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன். உண்மையில் அவள் முந்தைய ஆண்டை விட நிறையச் சொற்களைப் படித்திருந்தாள். கூட ஓடுகிற பிள்ளைகளும் ஓடுகிறார்களே, அவர்கள் வேகத்துக்கு ஓடினால்தான் அதே எண்ணில் நிற்கவே முடியும். "சரியாகச் சொன்ன எண்ணிக்கை எத்தனை?" என்று கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னேற்றம் முதலில் அதில்தான் தெரியும்.

செப்டம்பர் 9

பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள், தேர்வில் கூடுதல் நேரம் பற்றிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் கூட வருகிறார் என்றதும் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

14 பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். 2, 3ஆம் பக்கங்களில் குடும்ப விவரம், பிறப்பு விவரமெல்லாம் இருக்கும், அது பள்ளிக் கோப்பில் கிடக்க வேண்டிய அவசியமில்லை. மதிப்பெண் சுருக்கம், வாசிப்புப் பட்டியல், கடைசியில் உள்ள பரிந்துரைகள், உளவியலாளரின் கையெழுத்துப் பக்கம் போதும். அவர்கள் முழுசாகத்தான் வேண்டும் என்றால், ஏன், யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். பரிந்துரையில் "கூடுதல் நேரம் தரலாம்" என்று மட்டும் இருந்தால், எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று எழுதித் தரும்படி உளவியலாளரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மூல ரிப்போர்ட்டை வீட்டிலேயே வையுங்கள்.

வயதைக் கழித்துப் பார்த்தீர்களா?